வழுக்கும் லேனுக்கு ஒரு பந்து

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்த சலவைப் பிரிவில், நீராவியால் துணி தேய்க்கும் மெஷினுக்கு முன்னால் பதினெட்டு வருடம் நின்றதில் அவளுக்கு ‘ஆவி’ என்று பெயர் நிலைத்துவிட்டது. வைத்தது யாரென்று யாருக்கும் நினைவில்லை. ஆஸ்பத்திரியில் ஒருத்திக்கு அப்படிப் பெயர் இருந்தால் என்னென்ன கூத்து நடக்குமோ அத்தனையும் நடந்தது. புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தி, கீழே ஆவி இருக்கிறது என்று யாரோ சொன்னதை நம்பி ஒரு வாரம் படியிறங்கவே இல்லை. ஆவியும் சளைத்தவள் இல்லை. மாடிக்கு போன் போட்டால், “கீழேருந்து ஆவி பேசறேன், உங்க போர்வையெல்லாம் ரெடி” என்றுதான் ஆரம்பிப்பாள்.

நாற்பத்தேழு வயது. குள்ளமான உருவம். ஆனால் முழங்கைக்குக் கீழே அவள் கையைப் பார்த்தவர்கள் இன்னொரு முறை பார்ப்பார்கள். ஈரப் போர்வைகளை மெஷினிலிருந்து இழுத்து இழுத்து மணிக்கட்டு முறுக்கிய கயிறு போல ஆகியிருந்தது. அந்தக் கையால்தான் அவள் சனிக்கிழமை பிற்பகல்களில், லேன் என்கிற நீளப் பலகைத் தடத்தில் பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் ஆடினாள்.

நகரத்தில் எட்டு இடங்களில் வேலை செய்கிறவர்கள் சேர்ந்து நடத்திய பந்தயம் அது. ஆஸ்பத்திரி அணியில் சேர விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டியவர்கள், அடித்தளத்திலிருந்து ஆள் வரும் என்று நினைக்கவில்லை. அவள் போனாள். முதல் நாள் பந்து ஓரத்துப் பள்ளத்திலேயே விழுந்தது. இரண்டாம் வருடத்தில் அணியின் நான்கு பேரில் ஒருத்தியானாள். நான்காம் வருடத்தில் அவள் சராசரி நூற்றைம்பதைத் தாண்டியிருந்தது. சொந்தப் பந்து கிடையாது. ஹாலில் அடுக்கியிருக்கும் வாடகைப் பந்துகளில் விரலுக்குத் தோதாக ஒன்றைத் தேடி எடுத்துக்கொள்வாள்.

வீட்டுக்கு வந்த நாத்தனார் ஒருமுறை, இந்த வயதில் உருண்டை உருட்டத்தான் வேண்டுமா என்று கேட்டாள்.

“இந்த வயசுல உருட்டினாத்தான் உண்டு. இன்னும் போனா நான்தான் உருளுவேன்” என்றாள் ஆவி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர், லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர், அதிகம் பேசாதவர், பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

அந்த வருடம் இறுதிப் போட்டிக்கு ஆஸ்பத்திரி அணி தேறியது. அதற்குள் ஹாலை இரண்டு வாரம் மூடிப் புதிதாகச் செப்பனிட்டார்கள். இறுதிப் போட்டி பெரிய ஆட்டக்காரர்கள் ஆடும் கணக்கில் நடக்கும் என்றும், லேனில் எண்ணெய் அதிகம் இருக்கும் என்றும் சொன்னார்கள். எண்ணெய் எப்போதும் உண்டு. பலகை தேயாமல் இருக்க மெல்லிசாகப் பூசுவார்கள். அது கூடினால் என்ன ஆகும் என்பது திறந்த முதல் சனிக்கிழமை அவளுக்குத் தெரிந்தது. வழக்கமாகப் பாதி தூரம் போய் இடது பக்கம் வளைந்து கட்டைகளின் நடுவில் நுழையும் பந்து, அன்று கோபித்துக்கொண்டு கிளம்பிய மாப்பிள்ளை போலத் திரும்பியே பார்க்காமல் நேரே போனது. வலது மூலையில் இரண்டு கட்டையைத் தட்டிவிட்டு மறைந்தது. ஆட்ட முடிவில் அவள் எண்ணிக்கை தொண்ணூற்று நான்கு.

அணியின் கேப்டன் ஆஸ்பத்திரிக் கணக்குப் பிரிவின் மேற்பார்வையாளர். அவளைவிடப் பத்து வயது இளையவர். சக்கரம் வைத்த பையில் இரண்டு பந்து, கையுறை, தனிச் செருப்பு என்று எல்லாம் உண்டு. அவர் அவளை ஓரமாக அழைத்து, குரலில் தேன் தடவிப் பேசினார்.

“அக்கா, இந்த லேன் சொந்தப் பந்து வெச்சிருக்கறவங்களுக்கு. ஃபைனலுக்கு நீங்க உக்காந்து கை தட்டுங்க, போதும். உங்க இடத்துல என் மச்சானைப் போட்டுக்கறேன்.”

மச்சான் மருந்துக் கிடங்கில் வேலை செய்பவன். அணியில் மாற்று ஆள். ஆடத் தெரிந்தவன்தான். ஆனால் அந்த வருடம் பத்துச் சனிக்கிழமைகளில் எட்டில் வரவில்லை.

“சொந்தப் பந்து இல்லாததுதான் குறைன்னா அது கடைல கிடைக்கும் சார்” என்றாள் ஆவி. “இடத்தை நான் காலி பண்ணல.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. நேரே ஹாலின் வாசல் சுவரில் ஒட்டியிருந்த பந்தய விதிகளைப் போய்ப் படித்தாள். நான்கு வருடமாக அதற்கு முன்னால் செருப்பு மாற்றியவர்கள் யாரும் அதைப் படித்ததில்லை. பதினோராவது விதி: நிலையான ஆட்டக்காரரை விலக்கினால், அவர் கேட்கும் பட்சத்தில், வருகிறவரோடு மூன்று ஆட்டம் மோத வாய்ப்புத் தர வேண்டும். அன்றே பந்தயச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்தாள். இறுதிப் போட்டிக்கு ஒரு வாரம் முன்பு என்று நாள் குறித்தார்கள். கையில் ஆறு வாரம் இருந்தது.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் ஹாலுக்குப் போனாள். கூட்டம் இல்லை. எண்ணெய் பூசுகிறவர் தரை துடைக்கும் இயந்திரம் போன்ற ஒன்றை லேனில் ஓடவிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் மெஷினோடு மாரடிக்கிறவர்கள். பேச்சு சுலபமாக வந்தது. முன்பு இதில் பாதிதான் போடுவோம் என்றார் அவர். அதுவும் நடுவில் கெட்டியாக, ஓரத்தில் பேருக்கு. இப்போது ஓரம் வரை கெட்டி. அறுபது அடி லேனில் நாற்பத்தைந்து அடி எண்ணெய், கடைசிப் பதினைந்து அடிதான் காய்ந்த பலகை. அதற்குள் பந்து பிடித்துத் திரும்ப வேண்டும்.

அவள் குனிந்து பலகையில் ஒரு விரலை வைத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு வாடகைப் பந்து ஒன்றை எடுத்து அதன் மேல் விரலை ஓட்டினாள். கண்ணாடி போல இருந்தது. அவளுக்கு உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவிலிருந்து வரும் மூட்டை நினைவுக்கு வந்தது. அங்கே எண்ணெய் தடவி உடம்பு பிடித்துவிடுவார்கள். ரெக்ஸின் விரிப்பில் விழுந்த எண்ணெய் மேலேயே நிற்கும். முரட்டுத் துண்டில் விழுந்தால் அடுத்த நிமிடம் காணாமல் போகும், துண்டு குடித்துவிடும். பளபளப்பு வழுக்கும், சொரசொரப்புப் பிடிக்கும். பதினெட்டு வருடமாகத் தெரிந்த விஷயம்தானே என்று தோன்றியது.

பந்துக் கடை மாடியில் இருந்தது. விற்பனையாளர் மகளுக்கா என்று கேட்டார். எனக்குத்தான் என்றதும் இளஞ்சிவப்பில் முத்து மாதிரி மின்னும் பத்துப் பவுண்டு பந்தைத் தூக்கி வைத்தார். பெண்கள் இதைத்தான் வாங்குகிறார்களாம். அவள் நகத்தால் கீறிப் பார்த்தாள். நகம் வழுக்கிப் போனது. எண்ணெய் நிறைய உள்ள லேனுக்கு வேண்டும், பதினாலு பவுண்டு வேண்டும் என்றாள். அது கனம், தாங்காது என்றார் அவர்.

“ஈர மூட்டை ஒண்ணு பதினஞ்சு கிலோ. ஒரு நாளைக்கு அறுபது மூட்டை தூக்கறேன்” என்றாள். “இது எவ்வளவு, ஆறு கிலோவா?”

விற்பனையாளர் வேறு வழியில்லாமல் அடுத்து கடையிலேயே விலை உயர்ந்த பந்தைக் காட்டினார். நீலத்தில் வெள்ளி ஓடியது. கேப்டனிடம் இருப்பது அதேதான். அதுவும் பளபளத்தது. இதை எண்ணெயில் விட்டால் எப்படிப் பிடிக்கும் என்று அவள் கேட்க, அவர் விலையைப் பாருங்கள், பிடிக்காமல் இருக்குமா என்றார்.

உள்ளே பந்துக்குத் துளை போடும் அறையிலிருந்து மூக்கில் முகமூடியோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். இந்தப் பேச்சை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள் போலும். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு வெளியே வந்து, கீழ்த்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தாள். மழையில் நனைந்த செங்கல் நிறம். அதன் மேல் அழுக்குப் பச்சை வரி. மின்னலே இல்லை, தொட்டால் பூனையின் நாக்கு.

போன வருடத்து மாடல், நிறத்தைப் பார்த்தே ஒருத்தரும் வாங்கவில்லை என்றாள் துளை போடுகிறவள். மேல்தோல் எண்ணெயைக் குடிக்கிற ரகம். உள்ளே இருக்கும் கனமான கரு ஒரு பக்கம் தூக்கலாக இருப்பதால் பந்து லேசாக ஆடிக்கொண்டே உருளும். ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புது இடம் பலகையில் படும். இந்த லேனுக்கு வேண்டியது இந்த இரண்டும்தான். மற்றதெல்லாம் பெட்டி மேல் இருக்கும் படம். விலை நீலப் பந்தில் மூன்றில் ஒரு பங்கு, துளைக் கூலியும் அதிலேயே சேர்ந்தது.

அதையும்விட மலிவாகப் பழைய பந்து ஒன்று இருந்தது. விற்பனையாளர் விடாமல் அதைக் கொண்டுவந்தார். அவள் துளைகளைச் சுற்றி விரலை ஓட்டினாள். இரண்டு துளைக்கு நடுவே மயிரிழை போல ஒரு கீறல் தட்டுப்பட்டது.

“ஒரு நூல் பிரிஞ்சா போர்வையே போச்சு” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். செங்கல் நிறத்தை எடுத்துக்கொண்டாள்.

துளை போடுகிறவள் அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள். கட்டைவிரல் மூட்டு தடித்திருந்தது. இப்போது அளவெடுக்க மாட்டேன் என்றாள். “லீவு நாள்ல ஒரு அளவு, வேலை முடிஞ்ச கைக்கு ஒரு அளவு. நீங்க வேலை முடிஞ்சுதானே ஆடப் போறீங்க? நாளைக்கு ஷிஃப்ட் முடிஞ்சு அப்படியே வாங்க.”

மறுநாள் வீங்கிய விரலோடு போனாள். அந்தக் கைக்குத்தான் துளை விழுந்தது. நடுவிரலும் மோதிரவிரலும் முதல் கணு வரை மட்டும் இறங்கின. விடும்போது விரலால் பந்தைத் தூக்கிச் சுழற்ற இடம் கிடைத்தது.

முதல் வாரம் படுமோசம். கட்டைவிரலில் கொப்புளம். பந்து ஒரு நாள் இடப்பக்கப் பள்ளம், ஒரு நாள் வலப்பக்கம். அவள் விடும் பந்து எப்போதுமே மெதுவாகப் போகும். அவள் விட்ட பந்து கட்டையைத் தொடுவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம் என்று கேப்டன் மற்றவர்களிடம் சொல்வது காதில் விழும். எண்ணெய்க்காரர்தான் ஒரு நாள் தற்செயலாக, வேகமாக விட்டால் பந்து பலகையைப் பிடிக்க நேரமே கிடைக்காதே என்றார். அதற்குப் பிறகு வேகத்தைக் கூட்ட வேண்டும் என்ற எண்ணத்தையே அவள் விட்டுவிட்டாள். மூன்றாம் வாரம் பந்து பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. எண்ணெயில் நகர்ந்து போய், காய்ந்த இடம் வந்ததும் ஒரு தீர்மானத்தோடு திரும்பும். முதல் தடவை பத்துக் கட்டையும் ஒரே சத்தத்தில் சாய்ந்தபோது அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. கிழிந்து கழித்த ஆஸ்பத்திரித் துண்டால் பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் வாரம் பந்து செத்துப் போனது. வேறு வார்த்தை இல்லை. அதே கை, அதே இடம், ஆனால் பந்து வாடகைப் பந்து மாதிரி நேரே ஓடியது. சொரசொரப்புக் காகிதம் வைத்துத் தேய்த்தாள். ஒரு ஆட்டத்துக்குப் பிடித்தது, மறுபடி போனது. கேப்டன் அருகில் வந்து, மலிவுச் சரக்கு இப்படித்தான் அக்கா, இனியாவது மனசை ஆற்றிக்கொள்ளுங்கள் என்றார். அவள் பந்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வீட்டுக்கு வந்து பந்தை அடுப்படித் தரையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாங்கும்போதே சொன்னார்கள், எண்ணெயைக் குடிக்கிற ரகம் என்று. எழுபது ஆட்டமாகக் குடித்திருக்கிறது. குடித்தது எங்கே போயிருக்கும்? துண்டாக இருந்தால் என்ன செய்வோம் என்று யோசித்தாள். பிறகு எழுந்து வாளியை எடுத்தாள்.

போர்வைக்கு வைக்கிற கொதிசூடு பந்துக்கு ஆகாது, வெடித்துவிடும். கை வைத்தால் பொறுக்கும், ஆனால் அதிக நேரம் பொறுக்காது என்ற சூட்டில் வெந்நீர் வைத்தாள். தெர்மாமீட்டர் தேவைப்படவில்லை. பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் விட்டுப் பந்தை முழுக்கினாள். சற்று நேரத்தில் மேலே மஞ்சளாகப் பொட்டுப் பொட்டாகக் கிளம்பியது. துடைத்துவிட்டு நீரை மாற்றினாள். மறுபடி கிளம்பியது. மூன்றாவது வாளிக்கு வெந்நீர் தூக்கிக்கொண்டு வந்த கணவர் வாசலில் நின்று பார்த்தார்.

“எனக்கு நீ ஒரு நாள் கூட இப்படி வெந்நீர் போட்டுத் தந்ததில்ல” என்றார்.

“நீங்க என்னிக்கு எனக்காகப் பத்துக் கட்டையைச் சாய்ச்சீங்க?” என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான்காவது நீர் தெளிவாக நின்றது. ஒரு நாள் காயவிட்டு, முரட்டுக் காகிதத்தால் எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தேய்த்து, மறுநாள் ஹாலுக்கு எடுத்துப் போனாள். நாற்பத்தைந்தாவது அடி தாண்டியதும் பந்து திரும்பியது. அப்போதுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

மோதலுக்கு நேரம் குறித்தது கேப்டன்தான். ஹால் திறந்ததும், எண்ணெய் போட்ட ஈரம் ஆறும் முன்பே வைத்தார். முழு எண்ணெயில் அவள் திணறுவாள் என்பது அவர் கணக்கு. ஆவி ஒரு ஓரமாக உட்கார்ந்து பந்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இது செல்லாது, பந்தைத் தேய்க்கக் கூடாது என்று அவர் செயலாளரிடம் முறையிட்டார். ஆட்டம் தொடங்கும் முன் தேய்க்கலாம், தொடங்கியபின் காய்ந்த துணியால் துடைக்க மட்டும் செய்யலாம், மற்றதெல்லாம் கூடாது என்று செயலாளர் விளக்கினார். அவள் மணி அடிக்கும் முன்பே காகிதத்தைப் பையில் வைத்துவிட்டாள்.

மச்சான் முதல் ஆட்டத்தில் நூற்று எழுபத்தொன்று போட்டான். அவள் நூற்று அறுபத்தெட்டு. கேப்டன் அவன் முதுகில் தட்டினார். இரண்டாவதில் அவள் வரிசையாக நான்கு தடவை பத்துக் கட்டையும் ஒரே உருட்டில் சாயும் ஸ்ட்ரைக் போட்டு நூற்று எண்பத்தொன்றில் நின்றாள். அவனுக்கு நூற்று நாற்பத்தொன்பது. மூன்றாவதில் அவனைவிட அவளுக்கு ஒன்று குறைச்சல், நூற்று ஐம்பத்தொன்பது, ஆனால் இரண்டாவது ஆட்டத்தில் சேர்த்த மிச்சம் கையில் இருந்தது. மொத்தத்தில் இருபத்தெட்டுக் கட்டை வித்தியாசம். மச்சான் நேரே அவளிடம் வந்து கை கொடுத்தான்.

“நான் கேக்கவே இல்லக்கா. மாமாதான் பேரைப் போட்டுட்டாரு” என்றான்.

“நீ நல்லாத்தான் ஆடறே. சனிக்கிழமை வந்தா இன்னும் நல்லா ஆடுவே” என்றாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு போனான்.

இறுதிப் போட்டி பஸ் பணிமனைக்காரர்களோடு. பணிமனைக்காரர்கள் எண்ணெயிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் என்று ஹாலில் எல்லோரும் சொன்னார்கள். ஆவி அன்று நூற்று எண்பத்தேழு போட்டாள். அவள் வாழ்க்கையிலேயே அதுதான் அதிகம். அணியில் மற்ற இருவரும் தங்கள் அளவுக்கு ஆடினார்கள். சறுக்கியது நீலப் பந்து. வேகமாக விட்டார் கேப்டன்; அது வெள்ளி மின்ன நேரே போய் வலது மூலையைத் தொட்டது. அடுத்ததை இன்னும் வேகமாக விட்டார். ஆறாவது சுற்றில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“என்னக்கா பண்றது?” என்றார், அவளைப் பார்க்காமல்.

அவள் நினைத்திருந்தால் கைதட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். “மெதுவா விடுங்க சார். ரெண்டு பலகை வலதுல நில்லுங்க” என்றாள். அவர் அப்படியே செய்து பார்த்தார், ஆனால் வேகம் அவர் கையில் ஊறிப் போயிருந்தது. இரண்டு சுற்று தேறி, மூன்றாவதில் பழையபடி ஆனது. பதினோரு கட்டை வித்தியாசத்தில் கோப்பை பணிமனைக்குப் போயிற்று.

தோற்றதில் அவளுக்கு வருத்தம் இருந்தது; இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் மறுவாரம் ஆஸ்பத்திரிச் செய்தித்தாளில், எல்லோரும் சேர்ந்து நன்றாக முயன்றோம், லேன்தான் கைவிட்டது என்று கேப்டன் எழுதியதைப் படித்தபோது வருத்தம் கோபமாக மாறியது. லேன் எல்லோருக்கும் ஒரே லேன்தான். அடுத்த வருடப் படிவத்தை அவரே கொண்டுவந்து, உங்கள் இடம் உறுதி, கையெழுத்து மட்டும் போடுங்கள் என்றார்.

“என் இடம் எப்பவும் உறுதியாத்தான் இருந்துச்சு சார்” என்று சொல்லி, படிவத்தை மடித்து அவர் கையிலேயே கொடுத்தாள். வேறொரு படிவத்தை அவள் முன்தினமே நிரப்பியிருந்தாள். அதில் துணி மடிக்கும் மேஜையில் நிற்கிற இரண்டு பெண்கள், உலர்த்தும் மெஷின்காரி, அவள் என்று நான்கு பெயர். அடித்தளத்திலிருந்து ஒரு முழு அணி. ஒரே ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு அணியா, நன்றாகவா இருக்கும் என்று கேப்டன் கேட்டார். நன்றாக இருக்கிறதா இல்லையா என்று ஆடிப் பார்த்துச் சொல்கிறோம் என்றாள் உலர்த்தும் மெஷின்காரி, துணியிலிருந்து தலையை எடுக்காமலே.

முதல் பயிற்சியில் அந்த மெஷின்காரி போட்டது நாற்பத்தொன்று. பந்தோடு தானும் லேனுக்குள் போகப் பார்த்தாள். பக்கத்து லேனில் பழைய அணி நின்று வேடிக்கை பார்த்தது. யாரோ சிரித்தார்கள். நான்கு பெண்களும் திரும்பி அவர்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, அடுத்த ஆட்டத்துக்குப் பெயர் போட்டார்கள். அதில் மெஷின்காரிக்கு ஐம்பத்தெட்டு வந்தது.